பின்புறம் பார்த்த இருக்கை: ஒரு சொல் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

கைக்குழந்தையைக் காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி வைக்கும் இருக்கைக்குத் தமிழ்ப் பெயராகப் ‘பின்னோக்கு இருக்கை’ என்று நம் சொல்லாக்கக் குழுவில் நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். இலக்கணப்படி அதில் குறை எதுவும் இல்லை. ஆனாலும் அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் என் வீட்டிலேயே நடந்தது.

என் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். வீட்டில் இருப்பது பழைய வேகன்ஆர். இருக்கையை வாங்கி ஊருக்கு அனுப்பியபோது, மாட்டும் முறையை அப்பாவுக்காக ஒரு தாளில் தமிழில் எழுதி உடன் வைத்தேன். ‘இது பின்னோக்கிய இருக்கை, அப்படியே மாட்டவும்’ என்பது முதல் வரி. வார இறுதியில் போய்ப் பார்த்தால், அப்பா அதைப் பின்சீட்டில், முன்கண்ணாடியைப் பார்த்தபடி, பெல்ட்டை நன்றாக இறுக்கி மாட்டியிருந்தார். “பின்சீட்ல மாட்டணும்னுதானேம்மா எழுதியிருந்தே?” என்றார். வரி வரியாகப் படித்துத்தான் செய்திருக்கிறார். பிழை என் சொல்லில் இருந்தது.

‘பின்சீட்’ என்பது நம் காதில் அவ்வளவு ஊறிப்போன சொல். ‘பின்’னும் ‘இருக்கை’யும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மனம் இடத்தைத்தான் நினைக்கிறது, திசையை நினைப்பதில்லை. போதாததற்கு, ‘பின்னோக்கு’ என்றால் இலக்கியம் படித்தவர்களுக்குக் கதையில் வரும் பின்னோக்கு உத்திதான் (ஃபிளாஷ்பேக்) ஞாபகம் வரும்.

இந்தக் குழப்பத்தைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு. நமக்கு ஏழில், எட்டில் ஒரு பங்குதான். அந்தக் கனத்தைத் தாங்கும் கழுத்தெலும்புகள் அப்போது இன்னும் முழு எலும்பாக இறுகவில்லை. முன்னால் பார்த்து உட்கார்ந்த குழந்தையின் உடலை வார் பிடித்துக்கொள்ளும். மோதலில் தலை மட்டும் முன்னால் பாயும். பின்னால் பார்த்து வைத்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் ஓடு ஒன்றாக ஏந்திக்கொள்கிறது. மடியில் வைத்துக்கொள்வோமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு: மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுபோனால், 7 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 100 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையிலும் அது இல்லை.

சுவீடனின் மருத்துவர் பெர்ட்டில் ஆல்ட்மன் 1960களில் இந்த வகை இருக்கையை உருவாக்கியபோது, அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்த முறைதான் அவருக்கு வழிகாட்டியது. முதுகு முழுவதும் விசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே கருத்து. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா.வின் 129ஆம் விதி, குறைந்தது 15 மாதம் வரை குழந்தை இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘புறமுதுகு இருக்கை’ என்றும் ஒரு யோசனை வந்தது. போரில் தோற்று ஓடுவதைக் குறித்த சொல்லைக் கைக்குழந்தைக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘கார்த் தொட்டில்’ இனிமையாக இருக்கிறது. ஆனால் தொட்டில் என்றால் தூங்க வைக்கும் இடம். கார் நின்ற பிறகும் வீட்டில் அதிலேயே குழந்தையைத் தூங்க விடுவார்கள்; தலை முன்னால் சரிந்து மூச்சு அடைபடும் ஆபத்து அதில் உண்டு. சட்டத்தில் வரும் ‘சைல்ட் ரெஸ்ட்ரெயின்ட் சிஸ்டம்’ என்ற பொதுப்பெயரை அப்படியே ‘குழந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு’ என்று பெயர்த்தால் கேட்பவர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடுதான் நினைவுக்கு வரும். அதையும் தவிர்க்க வேண்டும்.

நம்மிடம் திசை சொல்ல ஏற்கெனவே அருமையான வழி இருக்கிறது. ‘கிழக்கு பார்த்த வீடு’, ‘தெற்கு பார்த்த வாசல்’. படித்தவர், படிக்காதவர் யாருக்கும் இதில் சந்தேகம் வருவதில்லை. வீடு எங்கே இருக்கிறது என்று யாரும் அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றே புரிந்துகொள்வார்கள். அதே வழியில் என் பரிந்துரை: ‘பின்புறம் பார்த்த குழந்தை இருக்கை’. சுருக்கமாகப் ‘பின்புறம் பார்த்த இருக்கை’. மற்றது ‘முன்புறம் பார்த்த இருக்கை’.

‘பின்பார்த்த’ என்று இன்னும் சுருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். பிரித்து எழுதினால் ‘பிறகு பார்த்த’ என்றும் பொருள்படும் என்பதால் விட்டுவிட்டேன். ‘பின்புறம் பார்த்த’ என்பது இருக்கையைக் குறிக்கிறதா, குழந்தையையா என்று கேட்கலாம். எப்படிப் பிரித்தாலும் பொருள் ஒன்றுதான். அப்பாவிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். இருக்கையைக் கழற்றித் திருப்பி மாட்டினார்.

திருப்பிய பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது: இடம். பிறந்த குழந்தைக்கு இருக்கை ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருக்க வேண்டும். சாயச் சாய அது முன்சீட்டை நெருக்கும். ஆல்டோ கே10 மாதிரி 3,530 மி.மீ. நீளமே உள்ள காரில் முன்னால் உட்காருபவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். எங்கள் வீட்டில் குள்ளமான அம்மாதான் இனி இடது முன்சீட். அவருக்குப் பின்னால் குழந்தை. முன்சீட்டிலேயே இருக்கையை மாட்டலாமா என்று அம்மா கேட்டார். இயங்கும் காற்றுப்பை எதிரே இருக்கும்போது கூடவே கூடாது. அது வெடித்து விரியும் வேகத்தில் ஓட்டின் முதுகில் அறைந்து குழந்தையின் தலையைத் தாக்கும்.

அதனால் இந்தத் துணைச்சொற்களையும் சேர்த்து முடிவு செய்தால் நல்லது. இரண்டு பக்கமும் திருப்பி மாட்டக்கூடிய, 18 கிலோ வரை தாங்கும் வகைக்கு ‘இருதிசை இருக்கை’. சின்னக் காருக்கு இது பெரும்பாலும் நீளம் அதிகம். 13 கிலோ வரைக்குமான கைப்பிடி வைத்த வகை அடக்கமாக உட்காரும். இருக்கையைத் தாங்கக் காரின் தரையில் ஊன்றும் காலுக்கு ‘முட்டுக்கால்’. சுவருக்கு முட்டுக் கொடுப்பதை அறிந்த யாருக்கும் அதன் வேலை புரியும். பெல்ட் நுழைந்து போகும் வழிக்குப் ‘பெல்ட் தடம்’. கடையில் வாங்குமுன் சொந்தக் காரில் மாட்டிப் பார்க்க வேண்டியதும் இதைத்தான், ஏனெனில் சில சின்னக் கார்களின் பெல்ட் அந்தத் தடத்தைச் சுற்றி வரும் அளவுக்கு நீளம் போதாது. பெல்ட் இல்லாமல் காரிலுள்ள கொக்கிகளில் இருக்கையைப் பூட்டும் ‘ஐசோஃபிக்ஸ்’ முறையின் பெயர் அப்படியே இருக்கட்டும். காரிலும் பெட்டியிலும் அந்தப் பெயர்தான் அச்சாகி வருகிறது.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி. சீட் பெல்ட்டை நீங்கள் ‘ஆசனப்பட்டி’ என்பதால் ‘பின்புறம் பார்த்த ஆசனம்’ உங்களுக்கு இயல்பாக இருக்குமா? ‘கிழக்கு பார்த்த வீடு’ என்ற வழக்கு உங்கள் பக்கமும் உண்டா? அப்பாவுக்காக எழுதிய தாளைத் திருத்தி, தங்கை பார்க்கும் மருத்துவமனையில் மற்ற தாய்மார்களுக்கும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பிரசவத்துக்கு முன்பே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரமே சொல்லுங்கள்.