மறியலிலிருந்து (சிறையிலிருந்து) வீடு திரும்பும் பெண்கள்: திருகோணமலையிலிருந்து சில அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து ஒருவர்

என் சின்னம்மாவின் மகள் ஹெரோயின் வழக்கில் வெலிக்கடைச் சிறையில் இருந்துவிட்டு இரவு ரயிலில் வந்து இறங்கிய காலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். வழக்கு, பிணை, தண்டப்பணம் என்று அதற்கு முன் நடந்தவை இங்குள்ள பலருக்குத் தெரிந்த கதையே. படலையைத் திறந்ததும் சின்னம்மா அவள் கையிலிருந்த பையை வாங்கி, ஒரு சொல்லும் பேசாமல் திண்ணையில் கவிழ்த்தார். பற்தூரிகை, பாதி கரைந்த சவர்க்காரம், இரண்டு சட்டைகள், மகன் கொப்பித் தாளில் வரைந்து அனுப்பிய படம் எல்லாம் கீழே விழுந்தன. சட்டையின் மடிப்புகளையும் அவர் விரலால் தடவிப் பார்த்தார். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த மகன் முன்னால் வந்து, ஒவ்வொரு பொருளாக எடுத்துத் திரும்பவும் பைக்குள் வைத்தான். தங்கை அழவில்லை, தாயோடு அதன்பின் நெடுநாள் பேசவும் இல்லை.

சின்னம்மா கல்நெஞ்சக்காரர் அல்லர். மகள் வருகிறாள் என்ற செய்தியே அவருக்கு முதல் நாள் மாலைதான் கிடைத்தது. சிறைக்குள் அவளுக்கு உளவளத்துணை கிடைத்திருக்கிறது. ஆனால் அவள் திரும்பி வாழப்போகும் வீட்டில் இருப்பவர்களோடு, எதை எதிர்பார்க்கலாம், எதைச் செய்யக்கூடாது என்று ஒருவரும் உட்கார்ந்து பேசவில்லை. பேசியிருந்தால் அந்தக் காலை வேறுவிதமாக இருந்திருக்கும் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

அன்புவழிபுரத்திலிருந்து ஒரு தாய்

பையைக் கவிழ்த்ததைப் பெருங்குறையாக எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி. ஒரு விடியற்காலை தேநீர் வைக்கக் குசினிக்குள் போனபோது, அடுப்பின் குழாய் மட்டும் தொங்க, எரிவாயு சிலிண்டர் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டவள் நான். அதற்கு முன்பே என் தோடும் பேரப்பிள்ளையின் சைக்கிளும் ஐஸ் என்ற போதைப்பொருளுக்காகப் போயிருந்தன. அப்படிப்பட்ட வீட்டில், மகள் திரும்பிய அன்றே நம்பிக்கையும் திரும்பிவிடாது.

நானும் மகளின் பொருட்களைச் சோதித்தேன். ஆனால் பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பின்னர், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அவளிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். சில மாதங்களுக்குப் பின் சோதிக்க வேண்டிய தேவை இல்லை என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தோம். உங்கள் சின்னம்மா செய்ததில் பிழை, சோதித்ததில் இல்லை. பேரன் பார்க்கச் சோதித்ததில்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி ஒருவர்

நான் வேலை செய்த காலத்தில் ஒரு மாலை, முச்சக்கரவண்டியில் ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்தார்கள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. குறட்டை போல இழுத்திழுத்து மூச்சு வந்தது. விடுதலையாகி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. உடன் வந்த அண்ணன், “பழைய அளவுதான் எடுத்தவள், மிஸ்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குத் தெரியாமல் போனது அந்த ஒன்றுதான்.

ஹெரோயினை விட்டிருக்கும் காலத்தில், அதைத் தாங்கும் வலு உடலில் குறைந்துவிடுகிறது; முன்பு பழகியிருந்த அளவே பின்னர் மூச்சை நிறுத்தப் போதுமானது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வொன்றில், முதல் 2 வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து அம்மாநிலத்தின் ஏனைய மக்களைவிட 12.7 மடங்காகவும், அளவு மீறிய போதையால் இறக்கும் ஆபத்து 129 மடங்காகவும் இருந்தது. ஆகவே “இனித் தொடமாட்டேன்” என்று சத்தியம் வாங்குவதோடு வீட்டார் நின்றுவிடக்கூடாது. தொட்டுவிட்டால் ஒளித்துக்கொண்டு தனியறையில் இருக்காதே, எங்களிடம் சொல் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அழைத்தாலும் எழும்பாமல் மூச்சு மெதுவானால், ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்; என்ன எடுத்தாள் என்பதை வந்தவர்களிடம் மறைக்காதீர்கள், ஏனெனில் ஹெரோயினை முறிக்க நாலொக்சோன் என்ற மருந்து இருக்கிறது, ஐஸுக்கு அது பயன்படாது.

ஐஸை விட்டவர்கள் முதல் சில நாட்கள் மிகுதியாகத் தூங்குவார்கள், மிகுதியாகச் சாப்பிடுவார்கள், பின்னர் மனம் சோர்ந்து எதிலும் விருப்பமில்லாமல் இருப்பார்கள். அதைச் சோம்பல் என்று ஏசும் மாமியார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாக வேண்டும் என்று அவள் பேசினால் அதை மிரட்டலாக எடுக்காமல் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்திலும் பேசலாம். வீட்டார் எவராவது எப்போதும் அவள் அருகில் இருப்பது நல்லது.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்

தாதி அம்மா சொன்ன மருத்துவ விடயங்களை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் “வீட்டார் அருகில் இருக்கட்டும்” என்று பொதுவாகச் சொல்லும்போது எந்த வீட்டார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஒழுங்கையில் இருந்த ராத்தா ஒருவர் விடுதலையானபோது, அவரைப் பொறுப்பேற்பதாகக் கையெழுத்திட வந்தவர் அவருடைய கணவர். முதன்முதலில் ராத்தாவுக்குப் போதைத்தூளைக் கொடுத்ததும் அதே கணவர்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எழுதிக்கொண்டிருந்த அலுவலரிடம் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகியபோது ராத்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எது நடக்கும் என்று பயந்தோமோ அதுவே நடந்தது. பின்னர் மூத்தம்மா வந்து அவரையும் பிள்ளைகளையும் தன் வீட்டுக்குக் கூட்டிச்சென்ற பிறகுதான் சிகிச்சை என்ற பேச்சே தொடங்கியது.

2010இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, பெண் கைதிகளை நடத்துவது பற்றிய பாங்கொக் விதிகளில் 44ஆவது விதி, சிறையிலுள்ள பெண்ணைப் பார்க்கக் குடும்பத்தில் எவரை அனுமதிப்பது என்பதை அவளிடமே கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது. பெண்கள் வீட்டு வன்முறையை அதிகம் அனுபவித்தவர்கள் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். பார்க்க வருபவருக்கே அப்படியென்றால், பொறுப்பேற்பவரைத் தெரிவுசெய்வதில் அவளைக் கேட்காமல் விடுவது எவ்வகையில் நியாயம்?

பாலையூற்றிலிருந்து ஒருவர்

நான் மறியலிலிருந்து வந்தவள். முதலில் எழுதிய அக்காவுக்குத்தான் இதைச் சொல்ல விரும்புகிறேன். தாதி அம்மா எழுதிய அளவு பற்றிய விடயத்தை உள்ளே இருந்தபோது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, இப்போதுதான் அறிகிறேன்.

என் அம்மா என்னை வெளியே விடாமல் காத்தார். அன்பினால்தான் செய்தார். ஆனால் பகல் முழுவதும் நான்கு சுவருக்குள் சும்மா இருந்தபோதுதான் எனக்கு ஆசை மிகக் கடுமையாக வந்தது. என்னை மாற்றியவர் மாமி. கிளினிக் நாளில் பேருந்தில் என்னோடு வந்து, உள்ளே நான் பேசி முடிக்கும்வரை வெளியே வாங்கில் இருப்பார். என்ன பேசினாய் என்று ஒருமுறையும் கேட்டதில்லை. பிறகு தன் இடியப்ப வேலையில் என்னைச் சேர்த்தார். முதல் நாள் கடைக்காரர் கொடுத்த பணத்தை எண்ணி வரும்படி என் கையில்தான் தந்தார். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா, உங்கள் தங்கை கிளினிக்குக்குப் போகிறவளானால், உடன் யார் வர வேண்டும் என்று அவளிடமே கேளுங்கள். சின்னம்மாவோடும் ஒருவர் பேச வேண்டும். 1927 தேசிய அபாயகர ஔடதங்கள் (போதைப்பொருட்கள்) கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். தாயும் அதற்கு அழைத்துப் பேசலாம்.