புதுப்பிப்பு: 2021-ல் முந்திரிக்கொட்டை பூஞ்சையோடு வந்தது ஏன்?

முந்தைய இழையில் கப்பல் தாமதம் என்று மட்டும் எழுதியிருந்தேன். அது பாதிக் காரணம்தான்.

குமரி மாவட்ட முந்திரி ஆலைகளுக்கு ஆப்பிரிக்கக் கொட்டை சாக்கில், கன்டெய்னரில் வருகிறது. வழியில் கொழும்பில் அடுத்த கப்பலுக்கு மாற இடம் கிடைக்காமல் பெட்டி வெயிலில் கிடந்தால், பகலில் கொட்டையிலிருந்து கிளம்பும் ஈரம் இரவில் குளிர்ந்த கூரைத் தகட்டில் வேர்த்து மேல் சாக்குகளில் சொட்டும். கொட்டையின் ஈரப்பதம் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

மேலடுக்கையும் கதவோரச் சாக்குகளையும் தனியே இறக்குங்கள். களத்தில் நல்லதோடு கொட்டிக் கலந்தால் போச்சு! பிரித்த சாக்கு, மற்ற சாக்கு இரண்டிலிருந்தும் 1 கிலோ வீதம் கொட்டையை வெட்டி, பருப்பில் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகள், சரக்கு ஏற்றும் இடத்திலேயே கன்டெய்னருக்குள் தொங்கவிடப்பட வேண்டும்.

சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் 6 நாள் சிக்கியதைச் சிலர் தாமதத்துக்குக் காரணமாகக் காட்டினார்கள். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள தான்சானியாவின் கொட்டை அந்த வழியே வருவதில்லை.