புதுப்பிப்பு (தீர்ந்தது): ஃப்ளாஸ்கில் (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) இரண்டாவது வியூ சேர்த்ததும் எண்ட்பாயிண்ட் பிழை

உதவிய எல்லோருக்கும் நன்றி. லாகின் சோதிக்கும் சொந்த டெக்கரேட்டரை (ஒரு ஃபங்ஷனைச் சுற்றிக் கூடுதல் வேலை சேர்ப்பது) இரண்டாவது வியூவுக்கும் (பக்கத்தைத் தரும் ஃபங்ஷன்) போட்டதும், ஏற்கெனவே உள்ள எண்ட்பாயிண்ட்டை (வியூவை ஃப்ளாஸ்க் அடையாளம் காணும் பெயர்) மாற்றி எழுதுவதாகச் சொல்லி ஆப் கிளம்பவில்லை என்பதுதான் கேள்வி.

மூல ஃபங்ஷனின் பெயரைக் காக்கும், பைத்தானின் ஃபங்க்டூல்ஸ் மாட்யூலில் உள்ள ராப்ஸைப் போடச் சொன்ன யோசனையே வேலை செய்தது. நாம் எண்ட்பாயிண்ட் பெயர் தராவிட்டால் ஃப்ளாஸ்க் ஃபங்ஷன் பெயரையே எடுத்துக்கொள்ளும். ராப்ஸ் இல்லாததால் இரண்டு வியூவுக்கும் டெக்கரேட்டரின் உள் ஃபங்ஷன் பெயரான 'ராப்பர்' என்றே பெயர். உள் ஃபங்ஷனின் டெஃப் வரிக்கு மேலே ராப்ஸைச் சேர்த்ததும் சரியானது. ரூட்டுக்கு ரூட் (முகவரியை வியூவோடு இணைக்கும் வரி) தனி எண்ட்பாயிண்ட் பெயர் கொடுத்தாலும் பிழை மறையும், காரணம் மறையாது.

எதிர்பாராதது ஒன்று: ரூட் வரிதான் எல்லா டெக்கரேட்டருக்கும் மேலே நிற்க வேண்டும். கீழே போனால் பிழைச்செய்தியே வராது. லாகின் இல்லாமலே பக்கம் திறந்துவிடும். தயவுசெய்து இதை முதலில் பாருங்கள்.

வியூவை ஃபங்ஷனாக இல்லாமல் ஃப்ளாஸ்கின் மெத்தட்வியூ கிளாஸாக எழுதியிருந்தால், டெக்கரேட்டரை கிளாஸின் 'டெக்கரேட்டர்ஸ்' பட்டியலில் கொடுங்கள்.