முன்மாதிரியின் மாதிரி: ஒரு கலைச்சொல் பற்றிய மடல்கள்

(மலேசியத் தமிழர்கள் ஒரே மடல் இழையில் எழுதியவை. கையொப்பமாக நிற்பவை அவரவர் ஊர்ப்பெயர்கள்.)

அன்புடையீர், வணக்கம்.

பள்ளி விடுமுறையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு நெகிழி விமானக் கிட்டுகளை (தனித்தனி உறுப்புகளாகப் பெட்டியில் வருபவற்றை) ஒட்டிப் பொருத்தும் பட்டறை ஒன்றை நடத்தவிருக்கிறோம். கையேடு தமிழில் இருக்க வேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். அச்சகத்தார் வெள்ளிக்கிழமைக்குள் கோப்பைக் கேட்கிறார்கள். கடைசி அமர்வுக்காக, எங்கள் ஊர் வான்படைத் தளத்தில் 1950களின் இறுதியிலிருந்து பறந்த ஆஸ்திரேலிய சேபர் போர் விமானத்தைத் தேர்ந்திருக்கிறோம். கடைகளில் எளிதாகக் கிடைப்பது அதற்கு மூலமான அமெரிக்க எஃப்-86 சேபரின் கிட். அதை அறுத்து, சேர்த்து, தேய்த்து, ஆஸ்திரேலியர் முதன்முதலில் கட்டிய சிஏ-26 என்னும் ஒரே ஒரு விமானமாக ஆக்க வேண்டும். நான் எழுதிய தலைப்பு இது: ‘மாதிரி விமானத்தை முன்மாதிரி விமானத்தின் மாதிரியாக மாற்றுதல்’. என் மகள் இதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தாள். இந்தச் செயலுக்கு ஒரு சொல்லும், முதலில் கட்டப்படும் விமானத்துக்கு ஒரு சொல்லும் வேண்டும்.

பட்டர்வொர்த்

*

வணக்கம்.

சொல்லைத் தேடுவதற்கு முன் வேலை இன்னதென்று தெரிய வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தார் அமெரிக்க எந்திரத்தை நீக்கிவிட்டு ரோல்ஸ் ராய்ஸ் ஏவன் எந்திரத்தைப் பொருத்தியபோது, உடற்பகுதியில் 60 விழுக்காட்டுக்கு மேல் திருத்தி அமைக்க வேண்டியதாயிற்று. காற்று உள்ளே புகும் வாயும் 25 விழுக்காடு பெரிதாயிற்று. ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் போய் 30 மி.மீ. பீரங்கிகள் இரண்டு வந்தன. சிஏ-26 முதன்முதலில் பறந்தது 1953 ஆகஸ்ட் 3 அன்று. அதன் பின் 111 விமானங்கள் சிஏ-27 என்னும் பெயரில் உற்பத்தியாயின.

கிட்டில் இதையெல்லாம் செய்வதற்கு, மூக்குப் பகுதியை நெடுக்காக அறுத்து, மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே நெகிழித் தகட்டுக் கீற்றை வைத்து ஒட்டி, வாயின் ஆழத்தைக் கூட்ட வேண்டும். துப்பாக்கித் துளைகளைப் புட்டி என்னும் நிரப்புப் பசையால் அடைத்து உப்புத்தாளால் தேய்த்த பிறகு, பக்கத்துக்கு ஒன்றாகப் பீரங்கித் துளை இட வேண்டும். தேய்ப்பில் அழிந்துபோகும் தகட்டுக் கோடுகளை ஊசியால் மீண்டும் கீறுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. உடலை மூடுவதற்கு முன் மூக்கினுள் ஈயக் குண்டு வைக்க மறந்தால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும் என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். செயலின் பெயர் ‘கன்வர்ஷன்’. செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். முதல் விமானத்தை ‘மூல விமானம்’ எனலாமே?

செராஸ்

*

அன்புடையீர்,

செராஸ் நண்பரின் விளக்கத்தைப் படித்ததும் என் ஐயம் தீர்ந்தது. சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. நன்னூலார், சொற்கள் புணரும்போது நேரும் விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தார். தகட்டுக் கீற்று நடுவில் நுழைவது தோன்றல். மூக்கு வேறு வடிவு கொள்வது திரிதல். துப்பாக்கித் துளைகள் மறைவது கெடுதல். தொல்காப்பியரும் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் ஆகிய மூன்றையும் சொல்லி, மூன்றையும் ‘திரியுமாறு’ என்று ஒரே சொல்லில் அடக்கினார். ஆகவே ‘திரிபு’ என்பதே போதும். செய்யும் வினையைக் குறிக்கத் ‘திரித்தல்’.

‘மூல விமானம்’ கூடாது. கோயிலுக்குப் போகிற எவரும் அதைக் கருவறைக்கு மேலுள்ள கட்டுமானம் என்றுதான் கொள்வார். வானூர்தி என்ற நல்ல சொல் இருக்க, விமானத்தை ஏன் இழுக்க வேண்டும்? முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று இலக்கணம் நூல்களை வகுக்கும் முறையையே பின்பற்றி, முதலில் கட்டியதை ‘முதலூர்தி’, பின்னர் உற்பத்தியானவற்றை ‘வழியூர்தி’, மேசைமேல் நிற்கும் நெகிழிப் பொருளைச் ‘சார்பூர்தி’ என்று வழங்குவோம். ஒரே வீச்சில் மூன்று சொல் கிடைக்கின்றன.

செந்தூல்

*

ஐயா,

முறை அழகாக இருக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கிறது. அமெரிக்க எஃப்-86 அல்லவா முதல்நூல்? சிஏ-26 அதன் வழிநூல்தானே? அப்படியானால் நீங்கள் முதலூர்தி என்று சொல்வதே ஒரு வழியூர்தி.

செராஸ்

*

தம்பி, வழிநூல் முதல்நூலின் கருத்தோடு ஒத்துப்போய்ச் சில இடங்களில் வேறுபடுவது. உடலில் பாதிக்கு மேல் மாறிப்போனதை வழிநூல் என்று எந்த உரையாசிரியர் ஒப்புவார்? எந்திரம் மாறியபோதே அது தனக்கென ஒரு மரபைத் தொடங்கிவிட்டது. அந்த மரபுக்கு அதுவே முதல்.

செந்தூல்

*

அனைவருக்கும் வணக்கம்.

நான் வகுப்பறையிலிருந்து பேசுகிறேன். செந்தூல் ஐயாவின் மூவகை விகாரப் பொருத்தத்தை இலக்கண வகுப்பில் எடுத்துக்காட்டாகவே பயன்படுத்தப் போகிறேன், அவ்வளவு பொருந்துகிறது. ஆயினும் ‘திரித்தல்’ என்றால் என் மாணவர்களுக்குத் தோன்றுவது செய்தியைத் திரிப்பதும் பால் திரிந்துபோவதும்தான். பெருந்தொற்றுக் காலத்தில் நாளிதழ்கள் கிருமியின் புதிய வகைகளைத் திரிபு என்றே எழுதின. இப்போது அச்சொல் வகையைக் குறிக்கிறதே அல்லாமல் வகையை மாற்றும் செயலைக் குறிக்கவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் ‘அரிய திரிபாகத் திரித்தல்’ என்று எழுத நேரும். அது இப்போதுள்ள தலைப்பைவிட மேலானதன்று. ‘முதலூர்தி’யைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். முதலை ஊர்தியா என்று ஒரு மாணவன் கேட்டான்.

‘முன்மாதிரி’யும் உதவாது, நன்னெறிப் பாடத்தில் பிறர் பின்பற்றத்தக்கவரையே அது குறிக்கிறது. முதலில் கட்டப்படுவதற்கு ‘முதலுரு’ என்றும், செயலுக்கு ‘வகைமாற்று’ என்றும் வைத்தால் என்ன? ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுகிறோம். அகராதி தேவைப்படாது.

வானூர்தி பற்றி ஒரு சொல். மலாய்க்காரர்கள் விமானத்தைக் ‘கப்பால் தெர்பாங்’ என்கிறார்கள். அந்தக் கப்பால் நம் கப்பலிலிருந்து போனது. அவர்கள் அதைத் தயங்காமல் வானில் பறக்கவிட்டார்கள். கோயிலில் இருக்கிறது என்பதற்காக நாம் மட்டும் விமானத்தை ஏன் தரையிறக்க வேண்டும்?

ஆயர் ஈத்தாம்

*

அம்மா, ‘மாற்று’ என்பது பிறவினைப் பகுதி; ஏவலாகவும் நிற்கும். தலைப்பில் ‘வகைமாற்று’ என்று கண்டால் ‘வகையை மாற்று’ என்று அதட்டுவதுபோல் இருக்கிறது. மாற்று மருத்துவம் என்பதுபோல் ‘வகைக்கு மாற்று’ என்றும் பொருள்படும். பொன்னின் தரத்தைக் குறிக்கும் மாற்றும் குறுக்கே வரும். ‘மாற்றம்’ என்று நீட்டினாலோ, சிவபுராணம் ஓதுகிறவருக்கு ‘மாற்றம் மனங்கழிய’ என்ற இடத்தில் அது சொல்லைக் குறிப்பது நினைவுக்கு வரும். நான்கு பொருளுடைய சொல்லை விட்டுவிட்டு ஐந்து பொருளுடைய சொல்லை எடுப்பது சிக்கனமாகாது.

செந்தூல்

*

ஐயா, கையில் பசையும் எதிரே அறுத்த உடற்பகுதியும் இருக்கிற பதினான்கு வயதுச் சிறுவன் சிவபுராணத்தை நினைக்கமாட்டான். நினைத்தால் அதுவும் நல்லதே. எனக்கு ‘வகைமாற்று’ சம்மதம், வாய்மொழியில் கன்வர்ஷன் என்றே சொல்லப்போகிறேன் என்றாலும்.

செராஸ்

*

அன்புடையீர்,

கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது. செயலுக்கு ‘வகைமாற்று’, முதல் விமானத்துக்கு ‘முதலுரு’ என்று வைத்திருக்கிறேன். ‘கிட்’ அப்படியே இருக்கிறது. உறுப்புப்பெட்டி, பொருத்துதொகை என்று தனிமடலில் வந்தவற்றை ஆராய நேரமில்லை. தலைப்பு இப்போது ‘சேபர் கிட்: சிஏ-26 முதலுருவுக்கு வகைமாற்று’. ஈயக் குண்டு பற்றிய எச்சரிக்கை தடித்த எழுத்தில் உள்ளது. மறுமொழி எழுதிய எல்லாருக்கும் நன்றி.

பட்டர்வொர்த்

*

அச்சேறியதை மதிக்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. ‘முதலுரு’வை ஏற்கலாம், அதில் என் ‘முதல்’ இருக்கிறது. ‘வகைமாற்று’க்கும், எவரும் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிட்ட ‘கிட்’டுக்கும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கையேடு மறுபதிப்பாகும் காலத்தில் ‘திரிபு’ மீண்டும் இந்த இழையில் எழுப்பப்படும். அதற்குள் ஆயர் ஈத்தாம் அம்மையார் ‘வகைமாற்று’க்கு ஒரு பெயரெச்சம் அமைத்துக் காட்டட்டும்.

செந்தூல்

*

‘வகைமாற்றிய சேபர்’, ஐயா.

ஆயர் ஈத்தாம்