சல்மன் பிடிக்க மலிவான பிளை செட் – வாங்கலாமா? அவசரம்

பண்ணைத் தம்பி
எல்லோருக்கும் வணக்கம். பிளை முறையில், அதாவது இறகும் மயிரும் கட்டிய போலி இரையை வீசி, சல்மன் மீன் பிடிக்கத் தடி, றீல், லைன் எல்லாம் சேர்ந்த செட் ஒன்று இணையத்தில் பார்த்தேன். புதிதாகப் பழகுபவர்களுக்கு என்று போட்டிருக்கிறது. விலை கைக்கு அடக்கம், கொழும்பு வரைக்கும் அனுப்புவார்களாம். நாளை இரவுக்குள் ஓடர் போட்டால் கழிவும் உண்டு. வாங்கலாமா, வேண்டாமா? அதை மட்டும் சொன்னால் போதும்.

மூத்த தூண்டில்
எந்த நாடு, எந்த ஆறு, எந்த மாதம், கையில் எவ்வளவு காசு? ஒன்றையும் காணோம். இலங்கை ஆறுகளில் சல்மன் இல்லை என்பதாவது தெரியும் என்று நம்புகிறேன். இங்கே இதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. தேடி வாசித்துவிட்டு வந்து ஒழுங்காகக் கேளுங்கள், தம்பி.

கிரெடிட் ஆற்றடி
கனடாவுக்குத்தானே வருகிறீர்கள்? அப்படியென்றால் செப்டம்பர், ஒக்டோபரில் வாருங்கள். ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் என்ற பெரிய சல்மன் வகை ஆறுகளுக்குள் ஏறும் காலம் அது. 10 அடித் தடி, எண் 8 அல்லது 9. தடியில் மிச்சம் பிடித்தாலும் றீலில் மிச்சம் பிடிக்காதீர்கள். சினூக் ஓடத் தொடங்கினால் பிரேக் சரியில்லாத றீல் உங்களைக் கைவிட்டுவிடும்.

பண்ணைத் தம்பி
கனடா இல்லை, நோர்வே. ட்ரொண்ட்ஹைம் பக்கம் மாமா இருக்கிறார், ஜூலையில் போகிறேன். இங்கே யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தில் ஸ்பின்னிங் தடியால் பிடித்துப் பழக்கம் இருக்கிறது. பிளைதான் புதிது. செட் நல்லதா?

ட்ரொண்ட்ஹைம் அக்கா
தம்பி, மாமா வீடு எந்த ஆற்றுக்குக் கிட்ட? கௌலாவா, ஓர்க்லாவா, நகருக்குள்ளால் ஓடும் நீடெல்வாவா? அதைப் பொறுத்துத்தான் தடி. அடுத்தது, அந்தச் செட்டின் எண் என்ன? தடியில் தக்கைக் கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே சின்ன எழுத்தில் நீளமும் எண்ணும் போட்டிருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது தெரியாமல் யாரும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

பண்ணைத் தம்பி
பார்த்தேன். 9 அடி, அதற்குப் பக்கத்தில் 5 என்று இருக்கிறது. நாலு துண்டாகக் கழற்றலாம்.

ட்ரொண்ட்ஹைம் அக்கா
அப்படியென்றால் வாங்க வேண்டாம். 5 என்பது ட்ரவுட் மீனுக்கான அளவு. அந்த எண் தடியின் பலத்தை மட்டும் சொல்வதில்லை, எவ்வளவு பாரமான லைனை அது வீசும் என்பதையும் சொல்கிறது. 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம். 8ஆம் எண் என்றால் 13 கிராமுக்கும் மேல். சல்மனுக்குக் கட்டும் பெரிய பிளையை 9 கிராம் லைன் காற்றுக்கு எதிரே கொண்டுபோகாது. மீன் பட்டாலும் மெல்லிய தடியால் கெதியாகக் கரைக்கு இழுக்க முடியாது. இழுபறி நீண்டால் மீன் களைத்துப்போகும். அப்புறம் ஆற்றில் திரும்ப விட்டாலும் பிழைக்காது.

மூத்த தூண்டில்
ஸ்பின்னிங் பழக்கம் இருக்கிறது என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பண்ணைப் பாலத்தில் ஈயத்தையோ லூரையோ எறிகிறீர்கள், அது தங்கூசியை இழுத்துக்கொண்டு போகிறது. பிளையில் எல்லாம் மறுவளம். இறகும் மயிரும் கட்டிய பிளைக்குப் பாரமே இல்லை. பாரம் முழுக்க லைனில். லைன் பறந்து பிளையைக் கூட்டிக்கொண்டு போகும். அடிப்படை தெரியாமல் செட் வாங்குவது வீண் செலவு.

குருநகர் கரை
ஐயா சொன்ன விஷயம் சரி, ஆனால் பெடியனைக் கொஞ்சம் ஆதரவாகச் சொல்லலாம். தம்பி, என் பேச்சைக் கேட்டால் 9 அடி, 8ஆம் எண், ஒற்றைக்கைத் தடி வாங்குங்கள். உப்புத் தண்ணீர் தாங்கும் றீலாகப் பாருங்கள். கடல் பிளைக்கும் அதே 8தான். நோர்வேயிலிருந்து திரும்பி வந்து கொடுவாவுக்கும் கட்டாவுக்கும் சீலாவுக்கும் இங்கேயே போடலாம். பத்து நாள் பயணத்துக்கு வாங்கி அலுமாரியில் பூட்டி வைக்கிற சாமானாக இருக்கக்கூடாது. ஓர்விஸ் என்கவுண்டர் மாதிரித் தடி, றீல், லைன் சேர்த்து வரும் செட்டில் 8 இருக்கிறது. சீலாவுக்குப் போடும்போது மட்டும் முனையில் கம்பித் துண்டு கட்ட வேண்டும், அதன் பல் லீடரை, அதாவது லைனின் முனையில் பிளையைக் கட்டும் மெல்லிய தங்கூசியை, அறுத்துவிடும்.

இரட்டைக்கை
ஒற்றைக்கைத் தடியோடு கௌலாவுக்குப் போகச் சொல்லாதீர்கள். அகலமான ஆறு, கரையோரம் மரம். பின்னால் லைனை விரிக்க இடம் கிடைக்காது. 13 அடி, எண் 8 அல்லது 9, இரண்டு கையாலும் பிடித்து ஸ்பே முறையில் வீச வேண்டும். லைனைப் பின்னுக்கு விரிக்காமல் தண்ணீர் மேல் ஊன்றி முன்னுக்கு உருட்டி விடுகிற முறை அது. அதற்கு ஸ்கண்டி ஹெட் என்ற பாரமான குட்டை முன்பகுதியுள்ள லைன், அதற்குப் பின்னால் றீலில் சுற்றும் பேக்கிங் நூல் 150 மீற்றருக்குக் குறையாமல், முனையில் 0.35 மில்லிமீற்றர் அளவில் லீடர். புதிதாகப் பழகுபவருக்கு இதுதான் உண்மையில் சுலபம். ஒற்றைக்கையை நாள் முழுக்க வீசினால் தோள் கழன்றுவிடும்.

குருநகர் கரை
13 அடித் தடியைப் பண்ணையில் வைத்து என்ன செய்வது?

இரட்டைக்கை
பண்ணைக்கு வேறு தடி வாங்கட்டும். கேள்வி சல்மனைப் பற்றியது.

ட்ரொண்ட்ஹைம் அக்கா
இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆறு எதுவென்று தம்பி இன்னும் சொல்லவில்லையே. சின்ன ஆற்றுக்கு 8ஆம் எண் ஒற்றைக்கை தாராளம். காசு குறைவென்றால் என் கணக்கு இதுதான்: தடியை மாமாவின் நண்பர்களிடம் இரவல் கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஆற்றடியில் வாடகைக்கு எடுங்கள். அந்தத் தடிக்குச் சரியான லைனுக்குக் காசைப் போடுங்கள். சுமாரான தடி நல்ல லைனோடு வீசும். நல்ல தடி பொருந்தாத லைனோடு வீசாது. பிளை நாலைந்து போதும், சன்ரே ஷடோவும் ரெட் பிரான்சிஸும் கட்டாயம் இருக்கட்டும். ஆறு ஏறும் சல்மன் இரை தின்பதில்லை, சினத்திலோ பழக்கத்திலோதான் கவ்வும். அதனால் பெட்டி நிறைய வகை வேண்டியதில்லை. போலரைஸ்டு கண்ணாடி வாங்குங்கள், மீனுக்கு மட்டுமல்ல, கண்ணில் கொக்கி படாமலிருக்கவும்.

முற்றவெளி
போவதற்கு முன் பழக வேண்டுமென்றால் கோட்டைக்குப் பக்கத்தில் முற்றவெளி இருக்கிறது. விடியவே போனால் ஆள் இல்லை. கொக்கிக்குப் பதிலாகச் சிவப்புக் கம்பளி நூல் துண்டு கட்டி வீசுங்கள்.

இரட்டைக்கை
தலைக்கு மேலால் வீசுவதற்குப் புல் சரி. ஸ்பேக்குப் புல் உதவாது. லைனின் நுனியைத் தண்ணீர் பிடித்து வைத்தால்தான் தடி வளையும், புல்லில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பண்ணையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று பழகுங்கள். முடிந்ததும் றீலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

வலைக்காரன் மகன்
எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. அக்கா மேலே மீனை விடுவது பற்றி எழுதியிருக்கிறா. விடுவதற்கு எதற்குக் கொக்கி குத்த வேண்டும்? எங்கள் வீட்டில் மீன் என்றால் சாப்பாடு. பிடித்த உயிரைச் சமைத்துச் சாப்பிடுவதுதான் அதற்குக் கொடுக்கும் மரியாதை.

ட்ரொண்ட்ஹைம் அக்கா
உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் இங்கே நிலைமை மோசம். 2021இல் நோர்வேயின் சிவப்புப் பட்டியலில், அதாவது அழியும் ஆபத்தை நோக்கிப் போகும் உயிரினங்களின் பட்டியலில், காட்டுச் சல்மனையும் சேர்த்தார்கள். 2024 ஜூன் 23இல், பருவத்தின் நடுவில், 33 ஆறுகளில் சல்மன் பிடிப்பதை நிறுத்தினார்கள், கௌலாவும் அதற்குள். அதனால் எந்த ஆற்றில் எதை வைத்திருக்கலாம், எதை விட வேண்டும் என்பதெல்லாம் விதி. பெரிய பெண் மீன் ஆயிரக்கணக்கில் முட்டையோடு ஏறுகிறது.

வலைக்காரன் மகன்
குறைந்ததற்குத் தூண்டில்காரனா காரணம்? கடலில் கூடு கட்டி வளர்க்கும் மீனிலிருந்து பரவும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணியும், கூட்டை விட்டுத் தப்பும் மீனும் என்றுதான் நான் வாசித்திருக்கிறேன். பெரிய கையை விட்டுவிட்டுச் சின்னக் கையைப் பிடிப்பது எங்கேயும் ஒன்றுதான். இங்கே இழுவைமடியைத் தடைசெய்து 2017இல் சட்டம் வந்தது. இன்னும் எங்கள் வலை அறுந்துதான் கிடக்கிறது.

ட்ரொண்ட்ஹைம் அக்கா
பேன், தப்பிய மீன் இரண்டும் பெரிய காரணங்கள்தான், மறுக்கவில்லை. தப்பிய வளர்ப்பு மீன் பட்டால் அதை விடக்கூடாது, கொல்லச் சொல்கிறார்கள். அதற்காக ஆற்றில் மிஞ்சியிருப்பதை நாங்கள் கவனமாகக் கையாளாமல் இருக்க முடியுமா?

குருநகர் கரை
இழுவைப் படகு விஷயம் எனக்கும் வயிற்றெரிச்சல். ஒரு இரவில் போன வலைக்குக் கடன் கட்டி முடிய வருஷம் ஆகும். அதைத் தனியாக எழுதுங்கள், நானும் வருகிறேன்.

மூத்த தூண்டில்
தம்பிக்கு யாருமே சொல்லாத முக்கியமான ஒன்று. நோர்வே ஆறுகளில் கைரோடக்டிலஸ் என்ற ஒட்டுண்ணிப் பயம் பெரிது. சல்மன் குஞ்சுகளை அழித்துவிடும். வேறு ஆற்றிலோ வெளிநாட்டிலோ நனைந்த தடி, லைன், காலணி எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்து, பல ஆறுகளில் அதற்கான சான்றையும் காட்ட வேண்டும். 18 வயது நிரம்பியவர் அரசுக் கட்டணமும் கட்ட வேண்டும், ஆற்றுக்கான மீன்பிடி அனுமதி அட்டையும் தனியாக எடுக்க வேண்டும். இந்தச் செலவையும் கணக்கில் வைத்துவிட்டுச் செட்டைப் பற்றி யோசியுங்கள்.

கிரெடிட் ஆற்றடி
தம்பி, ஓடர் போட்டீர்களா இல்லையா?

பண்ணைத் தம்பி
போடவில்லை. மாமாவோடு கதைத்தேன், வேலையிடத்தில் ஒருவர் தடியும் றீலும் இரவல் தருகிறாராம். லைனும் கண்ணாடியும் மட்டும் வாங்குகிறேன். எல்லோருக்கும் நன்றி.

ட்ரொண்ட்ஹைம் அக்கா
நல்லது. லைன் வாங்குவதற்கு முன் அந்தத் தடியின் எண்ணைக் கேளுங்கள், ஒற்றைக்கையா இரட்டைக்கையா என்றும் கேளுங்கள். ஒரே 8 என்று எழுதியிருந்தாலும் இரண்டுக்கும் லைன் வேறு, பாரம் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். ஆற்றின் பெயரையும் எழுதுங்கள், இந்த வருட விதியைப் பார்த்துச் சொல்கிறேன்.

இரட்டைக்கை
இரட்டைக்கை என்றால் ஹெட் எத்தனை கிராம் என்று என்னிடம் கேளுங்கள்.

குருநகர் கரை
தம்பி?