சிட்-அவுட்டில் போட்ட டபிள்யூபிசி பலகை மூன்றே வருடத்தில் வெளுத்துவிட்டது

மாந்தோப்பு:
கிருஷ்ணகிரியில் வீடு. மாடி சிட்-அவுட் தரைக்கு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகை போட்டேன். அப்போது தேக்கு நிறம். இப்போது விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது, முனைகள் உப்பியிருக்கின்றன. தண்ணீரே ஏறாது என்று சொல்லி விற்றார்கள். வெளிவேலைக்கு ஆகாத சரக்கு, நம்பாதீர்கள்.

தச்சுப்பட்டறை:
ஒரேயடியாக அப்படிச் சொல்லாதீங்க அண்ணா. அறுத்த முனையில் மரத்தூள் திறந்து கிடக்கும், தண்ணீர் குடிப்பது அங்கேதான். முனைக்கு சீலர் அடித்தார்களா? இடைவெளி விட்டார்களா? 8 அடிப் பலகை விடியற்காலைக்கும் மதிய வெயிலுக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் நீளும்.

மாந்தோப்பு:
இடைவெளியா? சீட்டுக்கட்டு மாதிரி நெருக்கி அடித்துவிட்டுப் போனார்கள். சரி, அது மாட்டியவன் தப்பு. வெளுத்தது யார் தப்பு?

கல்லுப்பட்டறை:
கிரானைட் விளையும் ஊரில் இருந்துகொண்டு பிளாஸ்டிக்குக்கு அழுகிறீர்களே!

தச்சுப்பட்டறை:
சித்திரை வெயிலில் அந்தக் கல்லில் வெறுங்காலோடு நின்று பாருங்க.

கல்லுப்பட்டறை:
உங்கள் பலகை மட்டும் ஜில்லென்று இருக்குமாக்கும்?

தச்சுப்பட்டறை:
அதுவும் சுடும்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஓசூர் ஷிப்ட்:
கலவையை உருக்கிப் பலகையாகத் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் மெஷினை ஓட்டுகிறவன் சொல்கிறேன், மாட்டியவனை மட்டும் திட்டாதீங்க. விலையைக் குறைக்க மரத்தூளைக் கூட்டுவார்கள். அதைச் சரியாக உலர்த்தாமல் ஓட்டினால் ஈரம் ஆவியாகி உள்ளே ஓட்டை விழும். மலீக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிஎத்திலீன் கொஞ்சம் கலந்தால் தூளும் பிளாஸ்டிக்கும் பிடித்து நிற்கும், தண்ணீர் ஏறுவதும் குறையும். பூஞ்சைக்கு ஜிங்க் போரேட் உண்டு. வெளுப்பது புற ஊதாக் கதிரால். அதற்கு பலகையோடு சேர்த்தே மேலே ஒரு பிளாஸ்டிக் உறை இழுப்பார்கள். புற ஊதா மருந்தை அந்த மெல்லிய உறையில் போட்டால் போதும், பலகை முழுக்கக் கலக்கும் செலவு மிச்சம். உறை இல்லாத பலகையை வெயிலில் போட்டால் வெளுக்கத்தான் செய்யும். அண்ணா, உங்களுடையதில் உறை இருக்கிறதா? ஓரத்தில் ஒரு துண்டு அறுத்துப் பாருங்க.

மாந்தோப்பு:
அறுத்தேன். உறை கிடையாது. மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு, நடுவில் கடுகளவு ஓட்டைகள். முனையை நகத்தால் கீறினால் தூள் உதிர்கிறது.

ஓசூர் ஷிப்ட்:
அப்போ மாட்டியவன் பாதி, ஓட்டியவன் பாதி.

தச்சுப்பட்டறை:
இனி வாங்கும்போது துண்டு கேட்டு வாங்கி, இரண்டு நாள் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, முன்னும் பின்னும் எடை போடுங்க அண்ணா.

கல்லுப்பட்டறை:
கல்லை ஊறப்போட வேண்டியதில்லை.