சார்வெல் கரையில் எதிர்ப்பட்டவர்கள்

ஆக்ஸ்போர்டுக்குக் குடிவந்த முதல் வாரமே யுனிவர்சிட்டி பார்க்ஸில் திட்டு வாங்கினேன். வாசல் பலகையைக் கவனிக்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி, போக்குவரத்துக் காவலர் மாதிரி கையை நீட்டி நிறுத்தினார். இந்தப் பூங்காவில் சைக்கிள் ஓட்டக் கூடாது. ஓட்டுகிறவர்களுக்குத் தெற்கு ஓரமாகத் தனிப் பாதை இருக்கிறது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, "செர்வெல் ஆற்றுக்கு எப்படிப் போவது?" என்றேன். இரண்டாவது திட்டு விழுந்தது. "சார்வெல்" என்று சொல்ல வேண்டுமாம். எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. இந்த ஊரில் பாதிப் பெயர்கள் அப்படித்தான்.

இப்போது அங்கே நடக்காத நாள் குறைவு. சுமார் 70 ஏக்கர். 1850களில் மெர்ட்டன் கல்லூரியிடமிருந்து பல்கலைக்கழகம் வாங்கிய நிலத்தில் உருவானது. 1860இல் திறந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அந்த நிலத்தில் எழுந்ததுதான். அதன் பிறகு ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக முளைத்துத் தெற்குப் பக்கத்தைத் தின்றுவிட்டன. எஞ்சியது பூங்கா. சொந்தக்காரர் பல்கலைக்கழகம் என்றாலும் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை, கட்டணமும் இல்லை. ஒரே கண்டிப்பு, இருட்டுவதற்குள் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

கிழக்கு எல்லையில் ஆறு. அதன் மேல் வில்லாக வளைந்து நிற்கும் பாலத்தை ரெயின்போ பிரிட்ஜ் என்கிறார்கள். 1923-24இல் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகக் கட்டியது. அதன் உச்சியில் நின்றால் கோடையில் நல்ல பொழுதுபோக்கு. கீழே தட்டைப் படகுகளைக் கழியால் உந்திக்கொண்டு மாணவர்கள் வருவார்கள். ஒருநாள் ஒரு பையனின் கழி சேற்றில் சிக்கிக்கொண்டது. படகு போகிறது, கழி வர மறுக்கிறது. இரண்டில் ஒன்றை விட வேண்டிய கணத்தில் அவன் விட்டது படகை. குரங்கு மாதிரி கழியைக் கட்டிக்கொண்டு சில விநாடி தொங்கினான், அப்புறம் மெதுவாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போனான். பாலத்தில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினோம். அவனும் எழுந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே குனிந்து வணங்கினான்.

அம்மா வந்திருந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆற்றைப் பார்த்ததும், "இதுவா ஆறு? வாய்க்கால்னு சொல்லு" என்றார். காவிரிக்கரைக்காரர், அவரிடம் வாதாட முடியாது. தென்கிழக்கு மூலையில் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் அம்மாவைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, அந்த இடத்தின் கதையை ஆரம்பித்தார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். பார்ஸன்ஸ் பிளெஷர் என்று அங்கே ஒரு படித்துறை இருந்தது, ஆண்களுக்கு மட்டும். பேராசிரியர்கள் எல்லாம் பிறந்த மேனியாகக் குளிப்பார்கள். 1991இல்தான் மூடினார்கள். படகில் வரும் பெண்கள் முன்னாலேயே இறங்கிச் சுற்றி நடந்துபோவது வழக்கம். ஒருமுறை பெண்கள் இறங்காமல் அப்படியே வந்துவிட்டார்களாம். கரையில் இருந்த எல்லோரும் அவசரமாகத் துண்டை இடுப்பில் சுற்ற, ஒரே ஒரு பேராசிரியர் மட்டும் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டாராம். "இந்த ஊரில் என்னை முகத்தை வைத்துத்தான் அடையாளம் தெரியும்" என்றாராம். நடந்ததோ இல்லையோ, ஊரில் தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. நான் பாதியை விழுங்கி விழுங்கிச் சொல்லி முடித்தேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "படிச்ச மனுஷன்தான்" என்றார்.

என் நெஞ்சில் நிற்பது கிரிக்கெட் மைதானத்துச் சந்திப்பு. பூங்காவுக்கு நடுவே மைதானம், ஓரத்தில் மூன்று முக்கோண முகப்புகளோடு 1881இல் கட்டிய பெவிலியன். அங்கே முதல்தர ஆட்டங்களையே இலவசமாகப் பார்க்கலாம் என்ற நிலை பல காலம் இருந்தது. ஒரு மே மாதம் புல்லில் உட்கார்ந்து பல்கலைக்கழக ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், முழங்கால் வரை போர்வை சகிதம் பக்கத்தில் ஒருவர். எண்பதைத் தாண்டியிருப்பார். ஐந்தாறு ஓவர் பேச்சே இல்லை. பிறகு, "இந்தியாவா?" என்றார். ஆமாம் என்றேன். "டைகரை இங்கேதான் பார்த்தேன். இரண்டு கண்ணோடு."

டைகர் என்றால் கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடி. 1961இல் ஆக்ஸ்போர்டு அணித் தலைவர். அந்த ஜூலையில் ஹோவ் நகரில் கார் விபத்து, வலது கண் பார்வை போயிற்று. அதே டிசம்பரில் டெல்லியில் டெஸ்ட் அறிமுகம், 1962 ஜனவரியில் சென்னையில் 103. இதெல்லாம் எனக்குப் படித்துத் தெரியும். இவர் கண்ணால் பார்த்தவர். பந்து கையைவிட்டுக் கிளம்பும்போதே பட்டோடி நகர்ந்துவிடுவார் என்று சொல்லி, போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து அந்த வீச்சைக் காட்டினார். அப்புறம் கேட்டார்: "மெட்ராஸ் சதத்தை உங்கள் வீட்டில் யாராவது பார்த்தார்களா?"

அப்பா அப்போது பிறக்கவே இல்லை. அன்று இரவு சென்னையில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு அப்போது பதினாறு வயது. கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்கு நிச்சயம் போனேன் என்றார். பட்டோடி அடித்தது ஞாபகம் இருக்கிறதா என்று ஆவலாகக் கேட்டேன்.

"அவன் புதுப் பையன்டா. நான் பார்க்கப் போனது கான்ட்ராக்டரை."

அடுத்த ஆட்டத்துக்குப் போய்ப் பெரியவரிடம் இதை அப்படியே சொன்னேன். இரண்டே மாதத்தில் பார்படாஸில் அப்போதைய இந்திய அணித் தலைவர் நரி கான்ட்ராக்டர் தலையில் அடிபட்டு விழ, 21 வயதில் பட்டோடி அந்த இடத்துக்கு வந்த கதை அவருக்கும் தெரியும். ஃபிளாஸ்க் மூடியில் எனக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "சரி, கான்ட்ராக்டர் எப்படி ஆடினாராம்? கேட்டுச் சொல்" என்றார்.